ஒரு பாய்லர், இரண்டு வீடு: பில்லைப் பிரிப்பது எப்படி?

போர்வெல் மோட்டார் ஒன்று, வீடுகள் இரண்டு. நம் ஊரில் அண்ணன் தம்பி வீடுகளில் இது சாதாரணமாகக் காணப்படும் ஏற்பாடு. கரண்ட் பில் வந்தால் பாதிக்குப் பாதி. ஒரு வீட்டில் ஐந்து பேர், அடுத்த வீட்டில் ஒரே ஒருவர் என்றாலும் பாதிக்குப் பாதிதான். "இதைப் போய் எப்படிக் கேட்பது?" என்ற தயக்கத்திலேயே பத்து வருடம் ஓடிவிடும். பிறகு ஒரு நாள், சம்பந்தமே இல்லாத வேறொரு பேச்சில் அது சண்டையாக வெடித்திடும்.

இதே போன்ற ஓர் ஏற்பாட்டில் நான் மாட்டிக் கொண்டேன். நான் பகிர்ந்து கொண்டது தண்ணீரை அல்ல, வெப்பத்தை. அதைச் சரி செய்ய ஒரு மீட்டரும், ஒரு சின்னக் கம்ப்யூட்டரும், ஒரு எக்ஸெல் ஷீட்டும் தேவைப்பட்டன. அது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறேன்.

ஒட்டிப் பிறந்த வீடுகள்

மதுரையிலிருந்து சாப்ட்வேர் வேலைக்காக ஜெர்மனி வந்தவன் நான். டோர்ட்முண்ட் நகரத்தை ஒட்டிய ஓர் ஊரில் பழைய வீடு ஒன்றை வாங்கினேன். வீடு என்றால் தனி வீடு இல்லை. நடுவில் ஒரே சுவர். அதற்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் இன்னொரு வீடு. 1960களில் இரண்டு சகோதரர்கள் சேர்ந்து கட்டியது. செலவைக் குறைக்க இருவருக்கும் சேர்த்து ஒரே பாய்லரை என் வீட்டின் நிலவறையில் வைத்துவிட்டார்கள்.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்குவது எப்படி என்று ஒரு வார்த்தை. பாய்லரில் கேஸ் எரிந்து தண்ணீரைச் சூடாக்கும். அந்தத் தண்ணீரை ஒரு பம்ப் குழாய் வழியே அறை அறையாக அனுப்பும். ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் ரேடியேட்டர் என்ற இரும்புத் தட்டு இருக்கும். தண்ணீர் அதற்குள் ஓடித் தன் சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, ஆறிய நிலையில் பாய்லருக்கே திரும்பிடும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை இந்தச் சுற்று நடந்து கொண்டே இருக்கும். எங்கள் வீடுகளில் குளிப்பதற்குத் தனித்தனி மின்சார கீசர்கள் இருக்கின்றன. எனவே பாய்லருக்கு அறைகளைச் சூடாக்கும் வேலை மட்டும்தான்.

கேஸ் இணைப்பு என் பெயரில். பக்கத்து வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, எழுபது வயதைத் தாண்டியவர், தனியாக வசிப்பவர். வருடக் கடைசியில் பில் வரும். பாதித் தொகையை அவர் கொடுத்துவிடுவார். கேள்வியே கிடையாது.

அந்த ஜனவரி மாலை

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. ரஷ்யாவின் கேஸை நம்பியிருந்த ஜெர்மனியில் விலை எகிறியது. அந்தக் குளிர்காலத்தில் அரசு அலுவலக அறைகளில் 19 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்றே உத்தரவு போட்டார்கள். எங்கள் மாதத் தவணையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. ஆளுக்கு 190 யூரோ.

2023 ஜனவரியில் ஒரு நாள், பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா என்னை அழைத்தார். போய்ப் பார்த்தேன். பிரச்சினை ஒன்றுமில்லை, டிரைவரை நீக்கிவிட்டு மறுபடியும் இன்ஸ்டால் செய்தவுடன் சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் என் விரல்கள் விறைத்துவிட்டன. சுவரில் இருந்த தெர்மாமீட்டர் 15 டிகிரி காட்டியது. அவரோ வீட்டுக்குள்ளேயே கோட் போட்டு, மடியில் கம்பளியும் வெந்நீர்ப் பையுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஹீட்டர் கெட்டுவிட்டதா?" என்று கேட்டேன்.

"இல்லை, நான்தான் குறைத்து வைத்திருக்கிறேன். கேஸ் விற்கிற விலை உங்களுக்கே தெரியுமே. இப்படி இருந்தால் பில் குறையும் இல்லையா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. என் வீட்டில் 21 டிகிரி. நான் அரைக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கோட்டை மாட்டிக் கொண்டு அங்கே போயிருந்தேன். பாதிக்குப் பாதி என்ற கணக்கில் அவர் நடுங்கிச் சேமிக்கும் ஒவ்வொரு 10 யூரோவிலும் 5 யூரோ எனக்கு வந்து சேரும். நான் தாராளமாகச் செலவழிக்கும் ஒவ்வொரு 10 யூரோவிலும் 5 யூரோவை அவர் கொடுப்பார். அந்த வருட பில் 4,600 யூரோ. குளிரில் உட்கார்ந்திருந்தும் அவர் 2,300 யூரோ கொடுத்தார். அதை வாங்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தக் கோடையிலேயே மீட்டர் வைப்பது என்று முடிவு செய்தோம்.

வெப்பத்தை அளக்க முடியுமா?

முடியும். கணக்கும் எளிதானதுதான். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1.16 வாட் மணி சக்தி தேவை. அதே தண்ணீர் ஒரு டிகிரி ஆறினால் அதே அளவு வெப்பத்தை வெளியே விட்டிருக்கிறது என்று பொருள். எனவே மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும். எத்தனை லிட்டர் தண்ணீர் வீட்டுக்குள் போனது? எத்தனை டிகிரியில் போனது? எத்தனை டிகிரியில் திரும்பியது?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மணி நேரத்தில் 600 லிட்டர் தண்ணீர் 60 டிகிரியில் போய் 45 டிகிரியில் திரும்புகிறது. வித்தியாசம் 15 டிகிரி. 600ஐ 15ஆல் பெருக்கி, அதை 1.163ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 10,470 வாட் மணி. நம் கரண்ட் பில் பாஷையில் சொன்னால் பத்தரை யூனிட். (ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மணி.)

வெப்ப மீட்டர் இதைத்தான் செய்கிறது. குழாயில் ஓடும் தண்ணீரை அல்ட்ராசவுண்ட் மூலம் அளக்கும் ஒரு பகுதி, போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் ஒவ்வொரு வெப்பநிலை சென்சார், பெருக்கிக் கூட்டும் ஒரு சிறு கம்ப்யூட்டர். இவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கும் பிரியும் குழாய்களில் ஆளுக்கொன்றாக இரண்டு மீட்டர்களைப் பிளம்பர் பொருத்தினார். கேஸ் பாய்லர் பக்கம் நாமே ஸ்பேனரை எடுத்துக் கொண்டு போகக் கூடாது. அது லைசென்ஸ் உள்ளவரின் வேலை.

"இதற்கு எதற்குப் பணம்? குறைந்த விலையில் டிஜிட்டல் சென்சார் இரண்டு வாங்கி நீங்களே செய்யலாமே" என்று கம்ப்யூட்டர் தெரிந்த வாசகர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். டி.எஸ். 18பி20 என்ற சென்சார் பலருக்கும் தெரிந்திருக்கும். அதன் பிழை அரை டிகிரி வரை இருக்கலாம். ஒன்று அரை டிகிரி கூட்டியும் மற்றது அரை டிகிரி குறைத்தும் காட்டினால் மொத்தப் பிழை ஒரு டிகிரி. 15 டிகிரி வித்தியாசத்தில் ஒரு டிகிரி என்றால் கிட்டத்தட்ட 7 சதவீதம் தப்பு. கிராப் பார்க்க இது போதும். பணம் வாங்கப் போதாது. வெப்ப மீட்டரில் இரண்டு சென்சார்களையும் ஜோடி சேர்த்துச் சோதித்தே தருகிறார்கள். ஜெர்மனியில் பில் போடப் பயன்படும் வெப்ப மீட்டரின் முத்திரை 6 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு மாற்றியாக வேண்டும்.

கம்ப்யூட்டர் எங்கே வருகிறது?

மீட்டரின் முகப்பிலேயே எண் தெரியும். வருடத்துக்கு ஒரு முறை அதைக் குறித்துக் கொண்டால் பில் போட்டுவிடலாம். ஆனால் வருடக் கடைசியில் தெரியும் எண்ணால் யாருடைய பழக்கமும் மாறாது. அதனால் ஒரு ராஸ்பெர்ரி பையை நிலவறையில் வைத்தேன்.

இந்த மீட்டர்களில் எம்-பஸ் என்ற இணைப்பு உண்டு. மீட்டர்களைப் படிப்பதற்கென்றே ஜெர்மனியின் பேடர்போர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. இரண்டே வயர், எத்தனை மீட்டர் இருந்தாலும் அதே இரண்டு வயரில் வரிசையாகக் கோர்த்திடலாம். ஒரு யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக ராஸ்பெர்ரி பை அவற்றைக் கேட்கும். ஒவ்வொரு மீட்டரும் தன் முகவரி வந்ததும் பதில் சொல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆர்வத்தில் நான் நிமிடத்துக்கு ஒரு முறை படிக்கும்படி வைத்திருந்தேன். மீட்டர் ஓடுவது பேட்டரியில் என்பதை மறந்துவிட்டேன். அடிக்கடி கேட்டால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்திடும். இப்போது மணிக்கு ஒரு முறைதான் படிக்கிறேன். அதுவே தாராளம்.

படித்த எண்கள் ஒரு சி.எஸ்.வி. பைலில் வரிசையாகச் சேரும். முதல் காலத்தில் நேரம், இரண்டாவதில் என் மீட்டர், மூன்றாவதில் அவருடைய மீட்டர். இதை எக்ஸெல்லிலோ இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ திறந்து, ஒவ்வொரு வரியிலிருந்தும் அதற்கு முந்தைய வரியைக் கழித்தால் அந்த ஒரு மணி நேரச் செலவு கிடைத்திடும். மாதந்தோறும் ஒரு பக்க கிராப் எடுத்து அவருக்கு பிரிண்ட் கொடுத்தேன்.

மீட்டர் சொல்லாத கதை

2023 அக்டோபரிலிருந்து 2024 ஏப்ரல் வரை முதல் சீசன். என் வீடு 18,000 யூனிட் வெப்பம். அவர் வீடு 9,000 யூனிட். கேஸ், பாய்லர் சர்வீஸ், புகைபோக்கி சோதனை எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 4,000 யூரோ. மீட்டர்படி அவர் பங்கு மூன்றில் ஒன்று, அதாவது 1,333 யூரோ. பழைய கணக்கு என்றால் 2,000 யூரோ. விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் கிராப் வேறொன்றைக் காட்டியது. அவர் ரேடியேட்டரை மூடிய இரவுகளில் என் வீட்டுக் கோடு மேலே ஏறியது. என் வீட்டில் எதுவும் மாறவில்லை. பிறகு எங்கே போனது அந்த வெப்பம்?

நடுச்சுவர் வழியாகப் போனது. சூடு எப்போதும் வெம்மையான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும். அது யார் வீட்டுச் சூடு என்று சுவருக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுவர் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் உயரம். ஆக 50 சதுர மீட்டர். 24 சென்டிமீட்டர் செங்கல் சுவரின் ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 1.5 வாட் கசியும். என் பக்கம் 21, அவர் பக்கம் 15. வித்தியாசம் 6 டிகிரி. மூன்றையும் பெருக்கினால் 450 வாட். ஒரு நாளைக்கு 10.8 யூனிட். 180 நாளைக்கு ஏறத்தாழ 1,950 யூனிட்!

அதாவது என் மீட்டரில் ஓடிய 18,000 யூனிட்டில் சுமார் 1,950 யூனிட் அவர் வீட்டைச் சூடாக்கியிருக்கிறது. அதைக் கழித்து அவர் கணக்கில் சேர்த்தால் அவர் பங்கு 1,333 அல்ல. ஏறத்தாழ 1,620 யூரோ.

இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போன வருடம் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்று மீட்டர் வைத்தவன், இந்த வருடம் என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று போய் நின்றால் எப்படி இருக்கும்? ஆனால் மறைத்து வைத்தால் அதுவும் போர்வெல் கதைதான். ஷீட்டை பிரிண்ட் எடுத்துக் கொண்டு போனேன்.

அவர் ஆசிரியை அல்லவா? பென்சிலை எடுத்து ஒவ்வொரு பெருக்கலையும் சரி பார்த்தார். பிறகு சொன்னார்: "கணக்கு சரிதான். வெப்பம் உங்களுடையது, ஒத்துக் கொள்கிறேன். ஆனால் சுவர் இருவருடையது. நீங்கள் 21 டிகிரி வைப்பதற்கு என்னைக் கேட்டீர்களா?"

அதுவும் நியாயம்தானே?

சட்டம் போட்ட கணக்கு

இந்தச் சிக்கலை ஜெர்மனிக்காரர்கள் எப்போதோ யோசித்து வைத்திருக்கிறார்கள். 1973ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1976ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1981ல் வந்த விதியின் பெயர் ஹைட்ஸ்கோஸ்டென்ஃபெர்ஓர்ட்நுங். மூச்சு வாங்கி விட்டுப் படியுங்கள்! பொருள் எளிது: வெப்பச் செலவு விதி.

ஒரே பாய்லரில் பல வீடுகள் இருந்தால், பொதுவாகச் செலவில் குறைந்தது 50 சதவீதத்தையும் அதிகபட்சம் 70 சதவீதத்தையும் மீட்டர்படி பிரிக்க வேண்டும். மீதியை வீட்டின் பரப்பளவுப்படி பிரிக்க வேண்டும். அந்த மீதி எதற்கு என்று முன்பெல்லாம் எனக்குப் புரிந்ததில்லை. இப்போது புரிந்தது. நாங்கள் எரித்த கேஸ் 31,000 யூனிட். இரண்டு மீட்டரும் சேர்ந்து காட்டியது 27,000. நடுவில் 4,000 யூனிட் புகைபோக்கியிலும் நிலவறைக் குழாயிலும் போயிருக்கிறது. அது யார் மீட்டரிலும் ஏறாது. யார் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் பாய்லர் சர்வீஸ் செலவு குறையாது. சுவர் வழியே போவதையும் எந்த மீட்டரும் பிடிக்காது. இவற்றுக்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த நிலையான பங்கு.

இரண்டே வீடு உள்ள கட்டடத்தில் ஒன்றில் உரிமையாளரே குடியிருந்து மற்றதை வாடகைக்கு விட்டிருந்தால், வேறு விதமாகவும் பேசிக் கொள்ள அந்த விதி இடம் தருகிறது. எங்களுடையதோ இரண்டு உரிமையாளர்களின் சொந்த ஏற்பாடு. நாங்களாக விரும்பி அந்தக் கணக்கை எடுத்துக் கொண்டோம்.

எங்கள் வீடுகள் இரண்டும் ஒரே பரப்பளவு. 70க்கு 30 என்று பிரித்தால் 2,800 யூரோவில் மூன்றில் ஒன்று 933. மீதி 1,200ல் பாதி 600. ஆக அவர் பங்கு 1,533 யூரோ. 50க்கு 50 என்று பிரித்தால் 1,667 யூரோ. சுவரைச் சேர்த்து நான் போட்ட 1,620 யூரோ இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது! எல்லா வீட்டிலும் இப்படிப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எல்லைகள் குருட்டாம்போக்கில் போட்டவை அல்ல என்று எனக்குத் தெரிந்தது.

அவர் 70க்கு 30 கேட்டார். ஒத்துக் கொண்டேன். என் 1,620 யூரோவும் உத்தேசம்தானே? அந்தச் சுவரில் சென்சார் எதுவும் இல்லை.

இப்போது எப்படி?

அடுத்த சீசனில், அதாவது 2024-25ல், அவர் 18 டிகிரிக்கு ஏற்றினார். நான் 20க்கு இறக்கினேன். ஒரு சீசன் முழுவதும் 15 டிகிரியில் இருந்ததால் அவருடைய படுக்கையறை மூலையில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. குளிர்ந்த சுவரில் காற்றின் ஈரம் படிந்தால் அப்படித்தான் ஆகும். அதுவும் அவர் மனம் மாற ஒரு காரணம்.

என் மீட்டர் 15,700; அவர் மீட்டர் 13,600. கேஸ் விலையும் சற்று இறங்கியிருந்ததால் மொத்தச் செலவு 3,640 யூரோ. அவர் பங்கு 1,729, என் பங்கு 1,911. முந்தைய வருடத்தைவிட அவர் ஏறத்தாழ 200 யூரோ அதிகம் கொடுத்தார். ஆனால் கோட் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். வெப்பம் இலவசமாக வராது. ஆனால் தன் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

நம் வீட்டுக்கு என்ன பயன்?

நம் ஊரில் ரேடியேட்டர் கிடையாது. ஆனால் பொது போர்வெல், மாடியில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வைத்த சோலார் வாட்டர் ஹீட்டர், ஒரே இன்வெர்ட்டர் ஆகியவை உண்டு. கணக்கு ஒன்றேதான்.

1. பயன்பாட்டை மீட்டரால் அளந்திடுங்கள். போர்வெல் என்றால் ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் ஒரு தண்ணீர் மீட்டர் போதும்.

2. ரிப்பேர், பராமரிப்பு, யார் கணக்கிலும் வராத கசிவு ஆகியவற்றுக்கு ஒரு நிலையான பங்கை ஒதுக்கிடுங்கள். எல்லாவற்றையும் மீட்டரின் தலையில் கட்டினாலும் நியாயம் கெட்டுவிடும்.

3. எண்கள் இருவருக்கும் தெரிய வேண்டும். மீட்டர் ஒருவர் வீட்டில் இருந்தாலும் ஷீட் இருவரிடமும் இருக்கட்டும்.

4. கருவி பழுதானால் யார் எவ்வளவு கொடுப்பது, ஒருவர் வீட்டை விற்றால் என்ன செய்வது, பூட்டியிருக்கும் அறைக்குச் சாவி யாரிடம் என்பதை எல்லாம் நல்லுறவு இருக்கும்போதே எழுதி வைத்திடுங்கள். நாங்கள் புது பாய்லர் வாங்கும் செலவைப் பாதிக்குப் பாதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. போன மாதம் அவர் வீட்டு பிரிண்டர் மறுபடியும் மக்கர் செய்தது. போனேன். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் உட்கார்ந்து சரி செய்தேன்.